டிசம்பரில் அல்ல, ஆகஸ்டில்

என் அக்கா மகன் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய நோட்டில் இரண்டாம் உலகப் போர் பக்கத்தில் ஒரு வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தான்: சோவியத் மண்ணில் ஜெர்மனி தோற்றதற்குக் காரணம் கடுங்குளிர். “குளிர் மட்டும் வராம இருந்திருந்தா ஹிட்லர் ஜெயிச்சிருப்பான்தானே மாமா?” என்று கேட்டான். இந்தக் கேள்வியை யூடியூப் காணொளிகளில், அலுவலகத்து மதிய உணவு மேசையில், ரயில் பயணங்களில் என்று பல இடங்களில் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் குளிரை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்வார்கள். ஹிட்லர் தளபதிகளின் பேச்சைக் கேட்டு, கீவ் பக்கம் திரும்பாமல் நேராக மாஸ்கோவுக்குப் போயிருந்தால் 1941லேயே கதை முடிந்திருக்கும் என்பார்கள். இரண்டுக்கும் தொனி ஒன்றுதான். ஏதோ ஒரு துரதிர்ஷ்டம், ஒரு தவறான திருப்பம், அதனால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விட்டது என்ற தொனி. அதுதான் என்னை உறுத்துகிறது.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது. அந்தப் படை டிசம்பர் பனியில் தோற்கவில்லை. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும், புழுதி பறக்கும் வெயில் காலத்தில், வெற்றிச் செய்திகள் பெர்லின் வானொலியில் முழங்கிக்கொண்டிருந்தபோதே அதன் கணக்கு முடிந்துவிட்டது. ஜெயிப்பதற்கென்று அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு திட்டம். அது அந்த வாரங்களில் செத்துப்போனது. மாற்றுத் திட்டம் எதுவும் அவர்களிடம் இல்லை.

லாரி எட்டும் தூரம்

1940 கோடையில் பிரான்ஸ் ஆறே வாரங்களில் விழுந்தது. அந்த மயக்கம் தெளிவதற்குள் கிழக்குத் திட்டம் மேசைக்கு வந்துவிட்டது. எரிக் மார்க்ஸ் என்ற ஜெனரல் ஆகஸ்டில் போட்டுக் கொடுத்த முதல் வரைவு, சோவியத் ஒன்றியத்தை முடிக்க 9 முதல் 17 வாரங்கள் போதும் என்றது. டிசம்பர் 18 அன்று ஹிட்லர் கையெழுத்திட்ட 21ஆம் எண் ஆணைதான் பார்பரோசா எனப்படும் சோவியத் படையெடுப்புத் திட்டம். அதன் உயிர்நாடி ஒரு நம்பிக்கை. சோவியத் ராணுவமான செம்படையின் பெரும்பகுதியை நாட்டின் மேற்குப் பகுதியிலேயே, அது உள்ளே ஆழமாகப் பின்வாங்குவதற்குள், சுற்றிவளைத்து அழித்துவிடலாம் என்ற நம்பிக்கை. மேற்குப் பகுதி என்று தளபதிகள் மனதில் வைத்திருந்தது ட்வினா, நீப்பர் ஆறுகள் வரையிலான நிலத்தை.

ஏன் அந்த ஆறுகள்? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. படைக்கு ரொட்டி, குண்டு, பெட்ரோல் எல்லாம் போய்ச் சேர வழி செய்ய வேண்டியவர் எடுவார்ட் வாக்னர் என்ற தளவாடத் தலைவர். அவருடைய கணக்குப்படி எல்லையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வரைதான் லாரிகளை நம்பிப் படையை நடத்த முடியும். அதற்கு மேல் போனால், பெட்ரோல் சுமந்து போகும் லாரி போய்த் திரும்புவதற்கே அந்தப் பெட்ரோலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ரயில்தான் வழி. ஆனால் சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1,435. எஞ்சின்களைக் கைப்பற்ற முடியாவிட்டால் தண்டவாளத்தைப் பெயர்த்து நகர்த்தி அடித்துக்கொண்டேதான் முன்னேற வேண்டும். மோட்டார் வண்டிகள் லட்சக்கணக்கில் இருந்தன. ஆனால் அவற்றில் ஏராளமானவை பிரான்சிலும் பிற நாடுகளிலும் பிடித்து வந்தவை. ஒன்றின் உதிரிபாகம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. உலகமே இயந்திரப் படை என்று மலைத்த அந்தச் சேனையில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இருந்தன. காலாட்படையின் பீரங்கிகளை இழுத்துப் போனவை அவைதான்.

சரக்கு 500 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தால், அதற்கு அப்பாலும் எதிரி நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வது என்றுதானே திட்டம் போடுகிறவர் கேட்க வேண்டும்? இவர்கள் தலைகீழாகப் போட்டார்கள். நம் சரக்கு அங்கே முடிகிறது, ஆகவே எதிரியும் அங்கேயே முடிந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் என்ன என்ற பக்கமே திட்டத்தில் எழுதப்படவில்லை. போரில் நடந்த மற்றத் தவறுகள் எல்லாமே இந்த ஒன்றின் பிள்ளைகள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குதிரை வண்டி அளவே எட்டும் கையை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தைப் பிடிக்கக் கிளம்பினார்கள். அந்தக் கையின் நீளம் அவர்களுக்கே தெரியும் என்பதுதான் என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

ஸ்மோலென்ஸ்கில் நின்ற கடிகாரம்

1941 ஜூன் 22 விடியற்காலையில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் எல்லையைத் தாண்டினார்கள். முதல் இரண்டு வாரங்கள் திட்டப்படியே போயின. மின்ஸ்க் சுற்றிவளைப்பில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் சோவியத் வீரர்கள் சிறைப்பட்டார்கள். தரைப்படைத் தலைமை அதிகாரி ஃப்ரான்ஸ் ஹால்டர் ஜூலை 3 அன்று தன் நாட்குறிப்பில், ருஷ்யப் போர் இரண்டே வாரங்களில் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது என்று எழுதினார். ஜூலை 14 அன்று ஹிட்லர், ஆயுத உற்பத்தியில் தரைப்படைக்கு இருந்த முன்னுரிமையை விமானப்படைக்கும் நீர்மூழ்கிகளுக்கும் மாற்ற உத்தரவிட்டார். தரையில் வேலை முடிந்துவிட்டது, அடுத்தது பிரிட்டனும் அமெரிக்காவும் என்ற நினைப்பு. இந்த இடத்தில் ஹிட்லருக்கும் ஹால்டருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. இருவரும் ஒரே கனவுக்குள் இருந்தார்கள்.

ஜூலை 16 அன்று குடேரியனின் டாங்கிப் படை ஸ்மோலென்ஸ்க் நகருக்குள் நுழைந்தது. எல்லையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் வந்தாயிற்று, மாஸ்கோவுக்கு இன்னும் 400 கிலோமீட்டர்தான். வரைபடத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட வந்து சேர்ந்தமாதிரிதான். ஆனால் தரையில் நடந்தது வேறு. டாங்கிகள் முன்னால் ஓடிவிட்டன. காலாட்படை நாளுக்கு 30, 40 கிலோமீட்டர் நடந்து பின்னால் வந்துகொண்டிருந்தது. நடுவில் இருந்த இடைவெளி வழியாகச் சுற்றிவளைக்கப்பட்டவர்கள் நழுவினார்கள். மண் சாலைப் புழுதி எஞ்சின்களுக்குள் புகுந்து எண்ணெயைக் குடிக்க வைத்தது. குண்டு கொண்டுவரப் போன லாரிகள் திரும்பி வரவில்லை. அந்த நேரம் பார்த்து, திட்டப்படி இருக்கவே கூடாத சோவியத் படைகள் கிழக்கிலிருந்து வந்து மோதிக்கொண்டே இருந்தன. அவை அரைகுறைப் பயிற்சி பெற்றவை, ஒருங்கிணைப்பு இல்லாதவை, இழப்பு பயங்கரமானது. ஆனாலும் வந்தன. அக்கறையோடு கவனிக்க வேண்டியது இந்த வருகையைத்தான். ஜூன் முடிவதற்குள்ளேயே சோவியத் அரசு 50 லட்சம் ரிசர்வ் வீரர்களை அழைத்துவிட்டது. எல்லையில் அழிக்கப்பட்ட படைக்குப் பின்னால் இன்னொரு படை, அதற்குப் பின்னால் இன்னொன்று.

யெல்னியா என்ற சின்ன ஊர் ஸ்மோலென்ஸ்குக்குத் தென்கிழக்கே இருக்கிறது. மாஸ்கோ பாய்ச்சலுக்கு வசதியான படிக்கட்டு என்று ஜெர்மானியர்கள் அதைப் பிடித்தார்கள். வாரக்கணக்கில் அதிலேயே உட்கார்ந்து ரத்தம் சிந்திவிட்டு, செப்டம்பர் முதல் வாரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். சோவியத் தளபதி ஜுகோவின் தலைமையில் செம்படை மீட்ட அந்த நிலம் பெரிதல்ல. ஆனால் ஜெர்மன் படையின் மையமே ஒரு மாதத்துக்கு மேல் தற்காப்பில் நின்றது. ஜூலை 30 தேதியிட்ட 34ஆம் எண் ஆணை அதைத்தான் சொன்னது: நடுப் படைத்தொகுதி தாக்குதலை நிறுத்தி நின்ற இடத்தைக் காக்க வேண்டும், டாங்கிப் பிரிவுகள் பின்வாங்கிப் பழுது பார்த்துக்கொள்ள வேண்டும். 9 முதல் 17 வாரத்தில் முடியும் என்று சொல்லப்பட்ட போரில் ஆறாவது வாரம் அது.

ஆகஸ்ட் 11 அன்று ஹால்டர் மறுபடி நாட்குறிப்பு எழுதினார். ருஷ்யப் பூதத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். தொடக்கத்தில் எதிரியிடம் சுமார் 200 டிவிஷன்கள் (ஒவ்வொன்றும் பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) என்று கணக்கிட்டோம், இப்போது 360 எண்ணிவிட்டோம். ஒரு டஜனை நொறுக்கினால் அவர்கள் இன்னொரு டஜனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பது அதன் சாரம். ஜூலை 3க்கும் ஆகஸ்ட் 11க்கும் இடையே 39 நாட்கள். இந்த இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்குக் குளிர்க் கதை முழுசாக விட்டுப்போனது. பனி விழ இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அந்த வாரத்துக்குள் ஜெர்மன் படை 3,80,000க்கும் மேற்பட்டவர்களை இறந்தும் காயப்பட்டும் காணாமலும் இழந்திருந்தது. அந்த இடங்களை நிரப்ப ஆள் இல்லை.

கீவா, மாஸ்கோவா

இந்தச் சமயத்தில் நடந்த சண்டைதான் பின்னாளில் பெரிய புராணமாக வளர்ந்தது. ஹால்டர், நடுப் படைத்தொகுதித் தளபதி பாக், குடேரியன் ஆகியோருக்கு மாஸ்கோ வேண்டும். ஹிட்லருக்கு உக்ரைனின் தானியம், டான்பாஸ் நிலக்கரி, அப்புறம் காக்கசஸ் எண்ணெய் வேண்டும். ஆகஸ்ட் 4 அன்று போரிசோவில் ஹிட்லர் தளபதிகளைச் சந்தித்தார். அந்தக் கூட்டத்தில் புதிய டாங்கி எஞ்சின்கள் கேட்டதற்கு, கிழக்கு முனை முழுவதற்குமாகச் சேர்த்து 300 தருவதாக ஹிட்லர் சொன்னதாய் குடேரியன் பின்னர் எழுதினார். மிச்சமெல்லாம் அடுத்த போர்களுக்கான புதிய டிவிஷன்களுக்கு. ஆகஸ்ட் 21 அன்று தெற்கே திரும்பும் உத்தரவு வந்தது. 23ஆம் தேதி குடேரியனே ஹிட்லரின் தலைமையகத்துக்குப் பறந்து போய் மாஸ்கோவுக்காக வாதாடினார். திரும்பும்போது கீவுக்குச் சம்மதித்துவிட்டு வந்தார். ஹால்டருக்கு அவர்மேல் வந்த கோபம் சாதாரணமானதல்ல.

கீவ் சுற்றிவளைப்பு, எண்ணிக்கையில் பார்த்தால், மாபெரும் வெற்றி. ஜுகோவ் ஜூலைக் கடைசியிலேயே கீவை விட்டு விலகச் சொன்னார். ஸ்டாலின் கேட்காமல் அவரைத் தலைமைப் பதவியிலிருந்து மாற்றினார். செப்டம்பர் நடுவில் வளையம் மூடியது. 6,65,000 பேரைச் சிறைபிடித்ததாக ஜெர்மனி அறிவித்தது. அதனால் ஒரு மாதம் போயிற்று, மாஸ்கோ தப்பியது என்பது புராணம்.

என் கருத்து வேறு. ஆகஸ்டில் நேராக மாஸ்கோவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வலப்பக்கத்தில் கீவைச் சுற்றி லட்சக்கணக்கான சோவியத் வீரர்கள் அடிபடாமல் நிற்கிறார்கள். ரயில் பாதை இன்னும் ஸ்மோலென்ஸ்க் பக்கம் திணறிக்கொண்டிருக்கிறது. பாதி டாங்கிகள் பட்டறையில். இந்த நிலையில் 400 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய கையை நீட்ட வேண்டும். நீட்டி மாஸ்கோவைப் பிடித்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நெப்போலியன் 1812இல் பிடித்தான், சண்டை முடிந்ததா? 1941இல் 1,500க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பெயர்த்து ரயிலேற்றி யூரல் மலைக்கும் சைபீரியாவுக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது அந்த நாடு. தலைநகர் போனால் அடுத்த நாள் கைகூப்பி நிற்கும் நாடு அல்ல அது. கீவா மாஸ்கோவா என்று அவர்கள் சண்டை போட வேண்டி வந்ததே முதல் திட்டம் தோற்றதால்தான். லெனின்கிராட், மாஸ்கோ, கீவ் என்று மூன்று திசைகளிலும் ஒரே சமயம் போகலாம் என்று கிளம்பியவர்களுக்கு, இப்போது ஒன்றுக்கு மட்டுமே பெட்ரோல் இருந்தது. அந்த விவாதத்தில் யார் ஜெயித்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் குளிர்?

குளிர் உண்மைதான். அதில் உறைந்து செத்தவர்கள் உண்மையான மனிதர்கள். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் 2 அன்று மாஸ்கோ நோக்கிய பெருந்தாக்குதல் தொடங்கியது. வியாஸ்மாவிலும் பிரியான்ஸ்கிலும் மறுபடி 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். பிறகு மழை, சேறு. வண்டிகள் அச்சு வரை புதைந்தன. நவம்பர் நடுவில் தரை உறைந்து இறுகியதும் ஜெர்மன் தளபதிகள் மகிழ்ந்தார்கள், ஏனென்றால் டாங்கிகள் மறுபடி ஓடின. குளிர் முதலில் அவர்களுக்கு உதவியாகத்தான் வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

குளிராடை இல்லாமல் போனதற்கும் காரணம் மேகத்தில் இல்லை. இலையுதிர் காலத்துக்குள் போர் முடிந்துவிடும், அப்புறம் ஆக்கிரமிப்புக்கென்று ஒரு சிறிய பகுதிப் படைதான் அங்கே தங்கும் என்பதால் அந்த அளவுக்கே குளிர்கால ஏற்பாடு நடந்தது. தயாரான கோட்டுகளும்கூட போலந்தில் முடங்கின. கிடைத்த ரயில்களில் குண்டும் பெட்ரோலும் ஏற்றினால் துணிக்கு இடமில்லை. துணி ஏற்றினால் தாக்குதல் நிற்கும். தாக்குதலைத் தேர்ந்தெடுத்தார்கள். டிசம்பரில் கோயபல்ஸ் வானொலியில் வந்து, வீட்டிலிருக்கும் கம்பளியையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. வெளிப்பக்கம் குழாய் வைத்த ஜெர்மன் ரயில் எஞ்சின்கள் உறைந்து வெடித்தன. எதிரே நின்ற சோவியத் வீரனும் அதே பனியில்தான் நின்றான். அவனுக்கு வாலென்கி என்ற கம்பளிக் காலணி இருந்தது. டிசம்பர் 5 அன்று அவன் எதிர்த்தாக்குதல் தொடங்கினான்.

அதற்கு ஆறு நாள் முன்பு, நவம்பர் 29 அன்று, ஆயுத அமைச்சர் ஃப்ரிட்ஸ் டோட் ஹிட்லரிடமே இந்தப் போரை இனி ராணுவ பலத்தால் ஜெயிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். டிசம்பர் 11 அன்று ஹிட்லர் அமெரிக்காமீதும் போர் அறிவித்தார். 1942 கோடையில் எண்ணெய்க்காகத் தெற்கே போனபோதும் அதே நோய்தான். ஜூலை 23 ஆணையில் ஒரே சமயத்தில் ஸ்டாலின்கிராடும் வேண்டும், காக்கசஸும் வேண்டும் என்று படையை இரண்டாகப் பிரித்தார்கள். மைக்கோப் எண்ணெய் வயலை ஆகஸ்டில் பிடித்தபோது கிணறுகள் நாசமாக்கப்பட்டிருந்தன. எண்ணெய் நகரமான பாக்கூ கைக்கு எட்டவே இல்லை. ஸ்டாலின்கிராடில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

எதிரியை மனிதராக எண்ணாதவர்கள்

இவ்வளவு பயிற்சி பெற்ற அதிகாரிகள் எப்படி இவ்வளவு பெரிய கணக்கைத் தவறவிட்டார்கள்? 1942 ஜூன் 4 அன்று பின்லாந்துப் படைத்தலைவர் மன்னர்ஹைமின் 75ஆவது பிறந்தநாளுக்காக ஹிட்லர் பின்லாந்து போனார். அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பின்லாந்து வானொலிப் பொறியாளர் ஒருவர் பதிவுசெய்துவிட்டார். அதில், ஒரு நாடு 35,000 டாங்கிகளோடு வர முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றிருப்பேன் என்கிறார். உளவுத் தகவல் போதவில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் அதைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. ஸ்லாவிய மக்கள் தாழ்ந்தவர்கள், அவர்களுடைய அரசு ஒரே அடியில் உதிர்ந்துவிடும் என்ற இனவெறி, திட்டம் போடும் மேசையில் ஒரு புள்ளிவிவரமாகவே உட்கார்ந்திருந்தது. நம்மைவிடக் கீழானவன் என்று முடிவு கட்டியவனிடம் 360 டிவிஷன் இருக்குமா என்று யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

இதனால்தான் “இந்த ஒரு தவறு செய்யாமல் இருந்திருந்தால்” என்று நிதானமாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தத் தவறையும் அந்தக் குற்றத்தையும் பிரிக்க முடியாது. போருக்கு முன்பே, 1941 மே 2 அன்று, பெர்லினில் உயர் அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். படை முழுவதும் ருஷ்ய நிலத்தின் உணவைத் தின்று வாழ வேண்டும்; அப்படி எடுத்தால் அங்கே கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று குறிப்பும் எழுதிக்கொண்டார்கள். ரயில் போதாது, லாரி எட்டாது என்ற ஓட்டைக்கு அவர்கள் கண்டுபிடித்த அடைப்பு அதுவும்தான். அடுத்தவன் பிள்ளையின் சோற்றைத் தளவாடக் கணக்கில் வரவு வைத்த திட்டம் அது.

போருக்குப் பின் உயிரோடிருந்த தளபதிகள் எழுதினார்கள், நிறைய எழுதினார்கள். ஹால்டர் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காக ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார், பழைய ஜெர்மன் அதிகாரிகளின் அறிக்கைகளை மேற்பார்வையிட்டார், 1961இல் அதற்காக அமெரிக்க விருதும் வாங்கினார். அவர்கள் எழுத்தில் குற்றவாளிகள் மூன்று பேர்: ஹிட்லர், சேறு, பனி. செத்துப்போன ஹிட்லர் மறுத்துப் பேச முடியாது. பனியும் பேசாது. இன்று என் அக்கா மகனின் நோட்டில் இருக்கும் ஒற்றை வரிக்கு மூலம் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் தளபதிகள் விட்டுவிட்ட இடம் சிறைமுகாம்கள். கீவிலும் வியாஸ்மாவிலும் பிடிபட்ட அந்த லட்சங்கள் எங்கே போனார்கள்? முள்வேலி போட்ட திறந்த வெளிகளில், கூரையில்லாமல், கஞ்சிகூட இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். நவம்பர் 13 அன்று ஓர்ஷாவில் நடந்த கூட்டத்தில், வேலை செய்யாத போர்க்கைதிகள் பட்டினியால் சாக வேண்டியதுதான் என்று சொன்னவர் அதே வாக்னர், லாரி எட்டும் தூரத்தைக் கணக்குப் போட்டவர். முகாமில் நடப்பது முன்னணிக்குத் தெரிந்தபோது, சரணடைவதைவிடச் சண்டையிட்டுச் சாவதே மேல் என்று சோவியத் வீரர்கள் முடிவெடுத்தார்கள். 1942 பிப்ரவரிக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இறந்திருந்தார்கள்.

அந்த மாதத்தில் ஜெர்மன் தொழிலாளர் விவகாரங்களைக் கவனித்துவந்த மான்ஸ்ஃபெல்ட் என்ற அதிகாரி பெர்லினில் ஓர் உரை நிகழ்த்தினார். 39 லட்சம் ருஷ்யர்கள் கையில் இருந்தார்கள், இப்போது 11 லட்சம்தான் மிச்சம் என்று அதில் சொன்னார். ஜெர்மன் தொழிற்சாலைகளில் வேலைக்கு ஆள் போதவில்லை என்பதுதான் அவருடைய குறை.